உடம்பு ஓர் ஊரில், உத்தியோகம் ஓர் ஊரில்

போன மாதம் கீரமங்கலம் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொத்தமங்கலத்து நண்பர் கேட்டார்.

"அண்ணே, ஆஸ்திரேலியாவுல தம்பிக்கு எந்த ஊருல வேலை?"

"வேலை சிட்னியில. ஆள் இருக்குறது வொல்லங்காங்ல."

"தெனம் போயிட்டு வாராரா?"

"இல்லப்பா. வீட்டுலயேதான் இருந்து பாக்குறான். மாசத்துல ரெண்டு நாள் ஆபீஸ் போவான்."

அவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வீட்டுல உக்காந்து பாக்குற வேலைதானே? அதை நம்ம ஊரு வீட்டுல உக்காந்து பாக்கக் கூடாதாண்ணே?" என்றார்.

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியை நானும் மகனிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். நான் 38 வருடம் தபால் துறையில் இருந்தவன். கடிதம், மணியார்டர், தந்தி என்று தூரத்தை வைத்தே பிழைத்தவன். அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நம் பக்கத்து ஆட்கள் வெளியூருக்குப் பிழைக்கப் போவது புதிதல்ல. என் சிறு வயதில் தெருவுக்கு நாலு பேராவது பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று போய் வந்தவர்கள் இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் சில வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்குப் பிறகு ‘எம்.வி. சிதம்பரம்’ வந்தது. 1985 தொடக்கத்தில் அது கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது. பிறகு வளைகுடா, விமானம்.

அந்தக் காலத்துக் கணக்கு எளிமையானது. வேலை அங்கே இருந்தது, அதனால் ஆளும் அங்கே இருந்தான். கூலி மட்டும் ஊருக்கு வந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை இங்கிருந்து செய்ய முடியாது. ஏன் இங்கேயே இருந்து பார்க்கக் கூடாது என்று யாரும் கேட்கவும் இல்லை.

கூலிக்கு முன்னால் செய்தி பயணம் செய்யக் கற்றுக்கொண்டது. தந்தியைச் சொல்கிறேன். 1870-71-ல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கம்பி போட்டு பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்தார்கள். அங்கிருந்து ஜாவா. 1871 நவம்பரில் ஜாவாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடகரையில் உள்ள டார்வினுக்கு ஒரு கம்பி போய்ச் சேர்ந்தது. டார்வினிலிருந்து தெற்கே போர்ட் அகஸ்டா வரைக்கும், பாதி பாலைவனமான சுமார் 3,200 கிலோமீட்டருக்குக் கம்பம் நட்டுத் தந்திக் கம்பி இழுத்தார் சார்லஸ் டாட் என்ற அதிகாரி. 1872 ஆகஸ்டில் அந்த வேலை முடிந்தது. கடல் கம்பியில் இருந்த பழுதை அக்டோபரில் சரிசெய்ததும் ஆஸ்திரேலியா லண்டனோடு தந்தியில் பேச ஆரம்பித்தது. அந்தப் பேச்சு நம் சென்னை வழியாகத்தான் போனது. ஆட்டுக் கம்பளி என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள வாரக்கணக்கில் கப்பலுக்குக் காத்திருந்தவர்களுக்கு, விலை கம்பி வழியாகவே வந்து சேர்ந்தது.

நம் ஊரில் தந்தி என்றால் வேறு அர்த்தம். தந்திச் சேவகர் சைக்கிளை நிறுத்தினாலே வீட்டுக்குள் அழுகைச் சத்தம் கேட்கும். பிரித்துப் படித்த பிறகுதான் அது கல்யாண வாழ்த்து என்று தெரியும். வார்த்தைக்கு இத்தனை என்று காசு வாங்கியதால் துக்கத்தைக்கூட எண்ணித்தான் எழுதினார்கள். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவை நிறுத்தப்பட்டபோது நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது.

இப்போது ஒரு சங்கதி. 2002-ல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு மறுபடி ஒரு கடலடிக் கம்பி போட்டார்கள். இந்த முறை கண்ணாடி இழை. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். 2018-ல் சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு இன்னொன்று போட்டார்கள். ஏறக்குறைய அந்தப் பழைய தந்திப் பாதைதான். அன்று விலைவாசியும் மரணச் செய்தியும் போன வழியில் இன்று ஒரு முழு வேலைநாளே போய் வருகிறது.

2023-ல் நானும் என் மனைவியும் மூன்று மாதம் மகனோடு போய் இருந்தோம். சிட்னி விமான நிலையத்தில் பூ, பழம், விதை எதுவாக இருந்தாலும் காட்ட வேண்டும் என்று பலகை வைத்திருந்தார்கள். என் மனைவி தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைத் தானே கழற்றி, ஒருமுறை முகர்ந்துவிட்டு, குப்பைப் பெட்டியில் போட்டாள். கீரமங்கலத்துப் பூ அந்த நாட்டு எல்லையைத் தாண்டவில்லை.

வொல்லங்காங் என்ற பெயர் கடைசி வரை அவள் வாயில் நுழையவில்லை. ‘உள்ளங்கை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு விதத்தில் பொருத்தம்தான். சுமார் மூன்று லட்சம் மக்கள் உள்ள ஊர். மேற்கே செங்குத்தான மலைச்சரிவு, கிழக்கே பசிபிக் கடல், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஊர். கடற்கரையில் பக்கம் பக்கமாக இரண்டு கலங்கரை விளக்கங்கள். சிட்னி 80 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து திருச்சி போவதைவிடக் கொஞ்சம் குறைவு. ரயிலில் ஒன்றரை மணி நேரம்.

அந்த ஊர் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஆச்சரியமான ஒன்று கிடைத்தது. 1796-ல் கல்கத்தாவிலிருந்து ‘சிட்னி கோவ்’ என்ற கப்பல் சரக்கோடு சிட்னிக்குப் புறப்பட்டது. அடுத்த வருடம் பிப்ரவரியில் டாஸ்மேனியாவுக்கு வடக்கே ஒரு தீவில் தரை தட்டியது. உதவி கேட்க 17 பேர் ஒரு படகில் கிளம்பினார்கள். அந்தப் படகும் உடைந்தது. கரையோரமாகவே பல நூறு கிலோமீட்டர் நடந்தார்கள். 17 பேரில் 12 பேர் இந்தியக் கப்பல் தொழிலாளிகள். வழியில் அந்த மண்ணின் பூர்வகுடிகள் பல இடங்களில் மீனும் உணவும் கொடுத்து ஆற்றைக் கடக்க உதவினார்கள். சில இடங்களில் மோதலும் நடந்தது. மே மாதம் சிட்னிக்குத் தெற்கே ஒரு மீன்பிடிப் படகு அவர்களைக் கண்டபோது மிச்சம் மூன்றே பேர். கிளார்க் என்ற வணிகர், ஓர் ஆங்கிலேய மாலுமி, ஓர் இந்தியத் தொழிலாளி. வொல்லங்காங்குக்கு வடக்கே பாறையில் நிலக்கரி இருப்பதை அந்த நடையில்தான் பார்த்தார்கள். அந்த வட்டாரத்தின் பிழைப்பு எல்லாம் பிற்பாடு அந்தக் கரியிலிருந்துதான் வந்தது. அதைக் கண்ட கூட்டத்தில் நம் நாட்டுக் கூலிக்காரர் ஒருவரும் இருந்திருக்கிறார்.

கரி என்றால் சுரங்கம். 1902 ஜூலை 31 அன்று கெம்பிளா மலைச் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 96 பேர் செத்துப்போனார்கள். 1928-ல் பக்கத்தில் உள்ள போர்ட் கெம்பிளாவில் எஃகு ஆலை வந்தது. 1938-ல் ஜப்பான் சீனாவின் மீது போர் நடத்திக்கொண்டிருந்தபோது, ஜப்பானுக்குப் போகும் இரும்பைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று அந்தத் துறைமுகத் தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். எங்கோ சாகிற சீனர்களுக்காகத் தங்கள் கூலியை விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் துறைமுகத்தைப் பார்த்தபடி நானும் மகனும் ஒரு சாயங்காலம் வெகுநேரம் நின்றோம்.

அதே நாடு 1901-ல் வேறொரு காரியமும் செய்திருந்தது. வெள்ளையர் அல்லாதவர் குடியேறாமல் தடுக்கச் சட்டம் போட்டது. வாசலில் நிறுத்தி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 வார்த்தை சொல்லி எழுதச் சொல்வார்கள். வேண்டாத ஆளுக்குத் தெரியாத மொழியாகப் பார்த்துச் சொல்வார்கள். அந்தப் பரீட்சை 1958-ல் ஒழிந்தது. நிறம் பார்க்கும் கொள்கை முழுதாகப் போனது 1973-ல். நம் ஆட்கள் ‘ரஜூலா’வில் சிங்கப்பூரோடு நின்றுவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். கதவு திறந்து சில வருடங்களிலேயே, 1985-ல், வொல்லங்காங் எல்லைக்குள் இருக்கும் ஹெலன்ஸ்பர்க் குன்றில் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்துவிட்டது. கோபுரம் நம் ஊர்க் கோபுரம் மாதிரியே இருக்கிறது. சுற்றிலும் மட்டும் யூகலிப்டஸ் காடு.

எஃகு ஆலையில் 1980 வாக்கில் சுமார் 20,000 பேர் வேலை பார்த்தார்கள். அதற்கடுத்த சில வருடங்களில் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2011-ல் ஓர் ஊதுலையை அணைத்தார்கள். இப்போது சில ஆயிரம் பேர்தான். பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி சிட்னிக்கு வேலைக்குப் போனார்கள். 2020-ல் கொரோனா வந்ததும் ரயில் பயணமும் குறைந்தது, வேலையே வீட்டுக்கு வந்தது. ஊரின் கதை இவ்வளவுதான்: முதலில் வேலை மண்ணுக்கு அடியில் இருந்தது, பிறகு ஆலையில், பிறகு ரயில் போகும் ஊரில். இப்போது சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.

என் மகன் சிட்னியை விட்டு அங்கே போனதும் அப்படித்தான். சிட்னி வாடகை கட்டுப்படியாகவில்லை. அவன் குழுவில் மூன்று பேர் சென்னை சிறுசேரியில், ஒருவர் சிங்கப்பூரில். காலையில் எல்லோரும் ஒரே திரையில் முகம் காட்டுகிறார்கள். நான் பின்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"ஏம்ப்பா, அந்த சிறுசேரிப் பையனும் நீயும் பாக்குறது ஒரே வேலைதானே?"

"ஆமாப்பா."

"சம்பளம்?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "அங்க உக்காந்து பாத்தா அது இந்தியா வேலைப்பா. இங்க உக்காந்து பாத்தாத்தான் ஆஸ்திரேலியா வேலை. வேலைக்குச் சம்பளம் இல்ல, உக்கார்ற இடத்துக்குத்தான் சம்பளம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கம்பி வழியாக வேலை போகிறது, பணம் போகிறது, முகமும் குரலும் போகின்றன. ஆனால் சம்பளமும் சட்டமும் உடம்பு எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கின்றன. வரி அங்கே கட்ட வேண்டும். குடியுரிமை கேட்க நாலு வருடமாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். 2019 நவம்பரில் அந்த நாட்டு அரசு, சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் தவிர்த்து வொல்லங்காங், நியூகாசில், ஜீலாங் முதலான ஊர்களையெல்லாம் ‘வட்டார’ ஊர்கள் என்று குடியேற்றத்துக்காக வகைப்படுத்தியது. அப்படிப்பட்ட ஊர்களில் மூன்று வருடம் குடியிருந்து வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்று ஒரு விசாவும் கொடுக்கிறார்கள். மகனின் நண்பர்கள் சிலர் அதில் வந்தவர்கள்தான். வேலை எங்கே இருந்தாலும் சரி, ஆள் இந்த ஊரில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அன்று 50 வார்த்தை எழுதச் சொன்னார்கள். இன்று இருந்து காட்டச் சொல்கிறார்கள். முன்னதைவிட இது எவ்வளவோ மேல், அதையும் சொல்ல வேண்டும்.

உடம்பு எங்கே இருக்கிறது என்பதை எங்கள் குடும்பம் இரண்டு தடவை உணர்ந்தது.

முதல் தடவை கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறி நம் ஊர் வழியாகப் போனது. அதற்கு முதல் நாளே மகன் அங்கிருந்து வரைபடத்தைப் பார்த்து, "அப்பா, நேரா நம்ம பக்கம்தான் வருது. அத்தைய ஓட்டு வீட்டுல விடாதீங்க" என்று பேசினான். எங்களைவிட அவனுக்குத்தான் புயலைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது. விடிந்தபோது எங்கள் தோப்பில் 60 தென்னையில் 9 நின்றது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. நாலாம் நாள் புதுக்கோட்டை போன ஒருவரிடம் எண்ணைக் கொடுத்து, "எல்லாரும் உசுரோட இருக்கோம்" என்று சொல்லச் சொன்னேன். எண்ணிப் பார்த்தேன், மூன்றே வார்த்தை. தந்திக்காரன் புத்தி போகவில்லை.

இரண்டாவது தடவை 2021 மே. என் மூத்த அக்கா தவறிப்போனாள். பிள்ளையில்லாதவள், அவனைத் தூக்கி வளர்த்தவள். கொள்ளி அவன்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள். அப்போது ஆஸ்திரேலியா எல்லையை மூடியிருந்தது. அங்கிருந்து கிளம்பவே அரசு அனுமதி வேண்டும். அந்த மே மாதம் 3-ம் தேதியிலிருந்து 15-ம் தேதி வரை, இந்தியாவிலிருந்து யார் திரும்பினாலும், அந்த நாட்டுக் குடிமகனாகவே இருந்தாலும், சிறையும் அபராதமும் உண்டு என்று உத்தரவு இருந்தது. பங்காளி மகன் கொள்ளி வைத்தான். பக்கத்து வீட்டுப் பையன் செல்போனைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். இங்கே சாயங்காலம் நாலு மணி, அங்கே இரவு எட்டரை. சுடுகாட்டில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. அன்று பகல் முழுக்க அவன் ஆபீஸ் வேலையும் பார்த்திருக்கிறான் என்று பிறகு சொன்னான். "லீவு போட்டு என்னப்பா செய்ய, போகவா முடியும்?" என்றான். அவனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாடையைத் தூக்க ஒரு தோள் குறைந்தது குறைந்ததுதான்.

அந்த ஊரடங்குக் காலத்தில் இன்னொன்றும் கவனித்தேன். கம்பியில் போகும் வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை. நம் ஊர்ப் பூ வேலை அடியோடு நின்றது. கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, வண்டி இல்லை. பறித்த பூவைக் கொட்டினார்கள், பிறகு பறிக்காமல் செடியிலேயே விட்டார்கள். மல்லிகையை யாரும் தூரத்திலிருந்து பறிக்க முடியாது. கை செடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பூ அன்றைக்கே மண்டிக்குப் போக வேண்டும். உலகத்தில் இரண்டு விதமான உழைப்பாளிகள் இருக்கிறார்கள், ஒரு விதத்துக்குத்தான் இந்தப் புதிய வசதி என்று அப்போது தெரிந்தது.

அப்படியானால் வேலையை ஊருக்குக் கொண்டுவரவே முடியாதா? முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. சோஹோ நிறுவனம் 2011-லேயே தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. அப்போது அதன் தலைவராக இருந்த ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவை விட்டு அங்கே கிராமத்துக்கே குடி வந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். கொரோனாவின்போது நம் ஊரிலும் பார்த்தோமே! சென்னை, பெங்களூரிலிருந்து வந்த பிள்ளைகள் தோப்பில் கட்டிலைப் போட்டு, மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர். கரண்ட் போனால் பைக்கை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடுவார்கள். ஆபீஸ் திறந்ததும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அந்த இரண்டு வருடமும் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் முகத்தில் இருந்த தெளிவு எனக்கு மறக்கவில்லை.

கொத்தமங்கலத்து நண்பரை நேற்று மறுபடி பார்த்தேன். பாக்கி இருந்த பதிலைச் சொன்னேன். "வேலை இங்க வந்துரும் தம்பி. சம்பளம்தான் வர மாட்டேங்குது. அதுக்கு அவன் அங்க இருந்தாகணும்."

"அப்ப நம்மதான் அங்க போகணுமாண்ணே?"

"போய்ப் பாத்துட்டோம். அங்க பூ வாசனை இல்லைங்குறா உங்க அண்ணி."

இப்போதும் விடியற்காலை நாலேகாலுக்கு எழுந்துவிடுகிறேன். நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் பூ பறிக்கப் போவது வாசலிலிருந்து தெரியும். அங்கே அப்போது எட்டே முக்கால். அவர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிடுவதால், அந்த ஆறு மாதம் மட்டும் நான் மூன்றேகாலுக்கே எழ வேண்டும். மகன் கணினியைத் திறப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் பேசுவான். அவன் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"அப்பா, நேத்து மல்லி கிலோ என்ன விலைக்குப் போச்சு?"

சொல்கிறேன். கேட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான்.